கணுக்காலில் ஏறிய குளிர்

என் அம்மா பாஞ்சாலியின் அடிவயிற்றில் ஒரு தையல் தழும்பு இருந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை மூட்டையின் வாயை அவசரத்தில் கோணியூசியால் குத்தி இழுத்ததுபோலக் கோணல்மாணலாக இருக்கும். தைத்தவர் திண்டிவனத்து டாக்டர் சக்கரபாணி. அவர் கை அப்படித் தைக்கிற கை அல்ல. அவர் போட்ட தையலைத் தேடித்தான் பார்க்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் பேச்சு. அம்மாவுக்குத் தைத்த அன்று, ஆபரேஷன் அறை சற்று முன்புதான் தீப்பற்றி அணைந்திருந்தது. வயிறு திறந்தபடி அம்மா மேசைமேல் கிடந்தார். அவரை எரியாமல் காப்பாற்றியவர் லூர்துமேரி என்கிற ஆயா. நான் எழுதுவது அந்த அம்மாளைப் பற்றி. கொஞ்சம் என் அம்மா சொல்லக் கேட்டது. மீதியை லூர்தம்மாவே பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

லூர்துமேரி பனமலை ஏரிக்குக் கீழே ஒரு சேரியில் பிறந்தவர். சொந்தம் என்று காலடி மண்ணும் இல்லாத குடும்பம். நாற்று நட, களையெடுக்க, மல்லாட்டை பிடுங்க என்று அடுத்தவர் நிலத்திலேயே வளர்ந்தார். சவுரிராயனைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தார். சவுரிராயனுக்கு ரயிலடியில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை. 1937இல் முதல் பிரசவம் சிக்கலாகிப் போய், லூர்துமேரியைச் சக்கரபாணி டாக்டரின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. இனிமேல் பிறக்கவும் பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறி எழுந்தவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. வெறும் வீட்டில் போய் உட்கார முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். வார்டைக் கூட்டினார், ரத்தத் துணிகளை அலசினார், நோயாளிகளுக்குக் கேப்பைக் கஞ்சி காய்ச்சினார். யாரும் வேலைக்கு வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் டாக்டரே அவரை ஆயாவாக வைத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி இல்லை அது. ஒரு பழைய ஓட்டு வீடு. முன்கூடத்தில் கட்டில்கள். அதற்குப் பின்னால் ஆபரேஷன் அறை. அதற்கும் பின்னால், ஒரு கதவு தள்ளி, கத்தியையும் கத்தரியையும் வெந்நீரில் கொதிக்கவைக்கிற சின்ன அறை. அங்கே தரையில் ஒரு கரி அடுப்பு எந்நேரமும் கனிந்துகொண்டிருக்கும்.

யுத்தம் வந்தது. இருந்த ஒரே நர்ஸ் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆபரேஷன் என்றால் நோயாளியை மயக்கத்தில் வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். மூக்குக்கும் வாய்க்கும் மேல் ஒரு கம்பிக் கூட்டைக் கவிழ்த்து, மேலே காஸ் என்கிற சல்லாத் துணியைப் போர்த்தி, அந்தத் துணியில் ஈதர் என்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஈதர் ஆவியாகும். அந்த ஆவியை மூச்சில் இழுத்து நோயாளி தூங்குவார். சொட்டு குறைந்தால் விழித்துக்கொள்வார், கூடினால் மூச்சே நின்றுவிடும். முன்பெல்லாம் டாக்டர் குளோரோபாரம் வைத்திருந்தார். யுத்தத்தில் அது வருவது அரிதாகி, ஈதர்தான் கைக்குக் கிடைத்தது. சொட்டு விடுகிற வேலைக்கு அவர் லூர்துமேரியைத் தேர்ந்தெடுத்தார். வயிற்றைத் திறந்தால் தலைசுற்றாத ஆள் தன்னைத் தவிர இங்கே அவர் ஒருவர்தான் என்றார். கம்பவுண்டர் அப்பாதுரைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வருத்தம் இருந்தாலும் கற்றுக்கொடுத்தவர் அப்பாதுரைதான். ஒரு நாள் அவர் லூர்துமேரியின் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்தார். மல்லாட்டை எண்ணெய், தண்ணீர், ஸ்பிரிட், கடைசியில் ஈதர். ஈதர் பட்ட இடத்தில் சுரீரென்று ஒரு குளிர். குனிந்து பார்ப்பதற்குள் சொட்டைக் காணவில்லை. ஸ்பிரிட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று. தண்ணீர் நின்று நிதானமாகக் காய்ந்தது. எண்ணெய் மட்டும் சாயங்காலம்வரை கையிலேயே மினுமினுத்தது. எல்லாம் ஈரம்தானே, ஒன்று ஓடுகிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறதே ஏன் என்று லூர்துமேரி கேட்டார். அதனதன் குணம் என்று சொல்லிவிட்டு அப்பாதுரை புட்டியை மூடிவைத்தார்.

முதல் ஆபரேஷன், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய ஒரு ஆளுக்கு. லூர்துமேரி தலைமாட்டில் நின்று சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் காஸ் துணியின் ஓரம் வெளுத்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். மொரமொரவென்று இருந்தது. உப்புப் பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் பனி. பார்க்கப் பார்க்க அது துணி முழுவதும் படர்ந்தது. உயிரோடு இருக்கிற மனிதனின் வாய்மேல் ஐஸ் கட்டுமா என்று இருந்தது அவருக்கு. செத்தவர்களின் உடம்பு சில்லிட்டுப் போகும் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

“அய்யா, ஆளு போய்ட்டாருங்க,” என்றார்.

டாக்டர் தலை நிமிரவில்லை. “மூச்சு ஓடுதா பாரு. ஓடுதுல்ல? அந்தத் துணியை எடுத்துட்டு வேற போடு.”

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். லூர்துமேரி வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சவுரிராயன் நம்பவில்லை.

“மெட்ராஸ்லேர்ந்து மீன் பொட்டி வருது. உள்ள ஐஸை வெச்சி, மரத்தூளைக் கொட்டி, கோணி சுத்தி அனுப்புறான். இங்க வந்து எறக்கறதுக்குள்ள தண்ணியாப் பூடுது. நீ இன்னாடான்னா மனுசன் மூஞ்சி மேல ஐஸ் கட்டிச்சின்ற.”

லூர்துமேரி தான் தொட்டுப் பார்த்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ஈதர் வேறு மாதிரி ஆடத் தொடங்கியது. தக்கையைத் தளர்த்தினால் சீறியது. சித்திரையில் ஒரு பகல் புட்டியைத் திறந்தபோது, உள்ளே குமிழ் குமிழாகக் கிளம்பிக் கொதித்தது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, கையில் பிடித்திருக்கிற புட்டி கொதிக்கிறது. ஆனால் புட்டி சுடவும் இல்லை. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. லூர்துமேரி அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்றுகொண்டார். இது பேய்த்தண்ணீர், சாமியாரிடம் மந்திரித்துத்தான் தொடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. டாக்டர் பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் இதன் கொதிநிலைக்கு நம் ஊர்க் காற்றே போதும் என்றார். அன்றிலிருந்து புட்டிகளை ஈரமணல் நிரப்பிய பானையில் புதைத்து வைத்தார்கள். வெயில் காலத்தில் விடியற்காலை தவிர ஆபரேஷன் கிடையாது என்றும் டாக்டர் விதி போட்டார். ஈதர் தீப்பற்றும் என்பது அவருக்குத் தெரியும். அறைக்குள் விளக்கு கூடாது, பீடி கூடாது, சாமிக்குக் கற்பூரம்கூடக் கூடாது. அந்த விதிகளில் பக்கத்து அறையின் கரி அடுப்பு இல்லை. ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

1943ஆம் வருஷம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள். என் அம்மாவை விக்கிரவாண்டியிலிருந்து கரிவாயு பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி உலை கட்டிய பஸ் மேட்டைக் கண்டால் நின்று நின்று மூச்சு வாங்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா கத்தியதாக அப்பா சொல்வார். கூட வந்தவர் அப்பாவின் அக்கா வெள்ளையம்மாள். எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சினைப்பையில் கட்டி, அது திருகிக்கொண்டுவிட்டது, உடனே எடுக்காவிட்டால் விடியும்வரை உயிர் தாங்காது என்றார். அப்போது நடுப்பகல். ஈரமணல் பானையில்கூடக் குளிர்ச்சி இல்லை. வேறு வழியில்லை என்றதும் அப்பா தலையை ஆட்டிவிட்டார். அத்தை மட்டும் வாசற்படியில் குறுக்கே நின்றார். லூர்துமேரி யார், எந்தத் தெரு என்று அதற்குள் விசாரித்து வைத்திருந்தார்.

“டாக்டரே, அந்தப் பொம்பளை எங்க ஊட்டுப் பொண்ணு மூஞ்சியில கை வெக்கறதா?”

லூர்துமேரி ஒரு கையில் கம்பிக் கூட்டோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

“அவ கை வெக்கலன்னா நான் கத்தி வெக்க முடியாது,” என்றார் டாக்டர். “இட்டுக்கினு போறதுன்னா இப்பவே இட்டுக்கினு போங்க. பஸ்ஸு இன்னும் கெளம்பல.”

அத்தை வழிவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டார்.

அறையைக் குளிர்விக்க இரண்டு ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தட்டி மறைத்ததால் காற்று வரவில்லை, அறை மங்கலாக இருந்தது. லூர்துமேரி சொட்டு விட ஆரம்பித்தார். அன்றைக்கு ஈதர் துணியில் நிற்கவே இல்லை. விழுந்ததும் போயிற்று, பாதி, அம்மாவின் மூச்சுக்குள் போகும்முன்பே வெளியே போயிற்று. வயிற்றைத் திறந்த பிறகும் அம்மாவின் கால் விரல்கள் அசைந்தன. போடு என்றார் டாக்டர். லூர்துமேரி இன்னும் ஊற்றினார். கால் அசைவது நிற்கவில்லை. இன்னும் போடு என்றார். ஒரு புட்டி தீர்ந்து அடுத்த புட்டி வந்தது. அறை முழுவதும் இனிப்பும் காரமும் கலந்த நெடி. துணியில் பனி கட்டியது, மாற்றினார், மறுபடி கட்டியது.

அப்போதுதான் லூர்துமேரிக்குக் காலில் குளிர் தெரிந்தது. வெறும் கால், பாதத்திலிருந்து கணுக்கால் வரை, மார்கழியில் வரப்பு ஈரத்தில் நிற்பதுபோல ஒரு குளிர். முட்டிக்கு மேலே வியர்வை வழிகிறது. தட்டியிலிருந்து தண்ணீர் வடிந்து வந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து குளிர் வந்து காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. டாக்டரிடம் சொல்லலாமா என்று நினைத்தார். டாக்டரின் இரண்டு கையும் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தன. சொல்லவில்லை.

டாக்டர் இன்னொரு இடுக்கி கேட்டார். கொதித்துக்கொண்டிருப்பதை எடுத்துவர அப்பாதுரை பின்கதவைத் திறந்துகொண்டு போனார். கதவு திறந்தபடியே இருந்தது.

தும்மல் போடுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டது என்று லூர்தம்மா சொல்வார். திரும்பிப் பார்த்தால், பின் அறையிலிருந்து தரையோடு தரையாக ஒரு நீலம் ஓடி வந்தது. புகை இல்லை. கணுக்கால் உயரத்துக்கு, வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் வருவதுபோலக் கதவைத் தாண்டி வந்து, மேசைக் காலைப் பிடித்து ஏறியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த கம்பிக் கூடு தீயாக இருந்தது. அவர் புருவம் பொசுங்கும் வாசனை அவருக்கே வந்தது.

கம்பிக் கூட்டை அம்மாவின் முகத்திலிருந்து பிடுங்கி வீசினார். வலது கையில் ஈதர் புட்டி. அதன் வாயிலும் தீ.

“லூர்து, புட்டி,” என்றார் டாக்டர். அவர் தன் உடம்பைக் குறுக்கே வளைத்துத் திறந்திருந்த வயிற்றின்மேல் கவிழ்ந்துகொண்டார். முதுகில் சட்டை எரிந்தது. அவர் நகரவில்லை.

லூர்துமேரி புட்டியை இடக்கைக்கு மாற்றி, அதன் வாயை வலது உள்ளங்கையால் அழுத்தி மூடினார். தோல் பொரிந்தது. புட்டித் தீ மூச்சடைத்து அணைந்துவிட்டது. ஆனால் கையை எடுக்க முடியாது. உள்ளே இருக்கிறது கொதிக்கிறது, வெளியே வரப் பார்க்கிறது. உயிருள்ள ஒன்றைக் குடத்தில் அடைத்ததுபோல அது உள்ளங்கையை முட்டி முட்டித் தள்ளியது என்பார். வெந்துபோன கையில் அந்தக் குளிர் ஏறியபோது வலி என்று சொல்ல முடியாத வேறு எதுவோ ஆயிற்று. புட்டியை மார்போடு அணைத்து, கையை அழுத்தியபடியே, இன்னொரு கையால் ஜன்னல் தட்டியைக் கயிற்றோடு பிடுங்கி இழுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தத் தட்டி அம்மாவின் தலைமாட்டில் எரிந்த துணிமேல் விழுந்தது. தீ அதற்குக் கீழே உஸ்ஸென்று அடங்கியது. அதற்குள் அப்பாதுரை பொசுங்கிய வேட்டியோடு ஓடிவந்து அடுத்த தட்டியைப் பிடுங்கித் தரையில் பரப்பி, மேலே ஏறி மிதித்தார். எரிந்தது மொத்தமும் ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இருக்காது. பிறகு கருகிய நாற்றமும் ஈர வெட்டிவேர் வாசனையும் மட்டும் இருந்தன.

அப்பாதுரை வந்து புட்டிக்குத் தக்கை அடித்து வெளியே கொண்டுபோனார். லூர்துமேரியின் கையை அதிலிருந்து அவர்தான் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். “தைக்கணும்,” என்றார். இனி ஈதர் போட முடியாது. கட்டியை ஏற்கெனவே அறுத்து எடுத்தாயிற்று. மயக்கம் தெளிவதற்குள் மூடவேண்டும். முதுகுத் தோல் உரிந்து தொங்க, விரல் நடுங்க, அவர் தைத்தார். எங்கள் அம்மாவின் தழும்பு அப்படி ஆனது அதனால்தான்.

கடைசித் தையலுக்கு முன்பே அம்மா கண்ணைத் திறந்துவிட்டார். ஒரு முகம் தெரிந்ததாம். புருவம் இல்லை, இமை மயிர் இல்லை, முன்னந்தலை முடி சுருண்டு பொசுங்கி, முழுக்கக் கரி. செத்துவிட்டோம், வேறு எங்கோ வந்துவிட்டோம் என்றுதான் அம்மா நினைத்தார். அப்புறம் வயிற்றில் ஊசி ஏறியது. கத்தினார். அந்த முகம் குனிந்து அவர் கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது.

“என்னியவே பாரும்மா. கீழ பாக்காத. இதோ ஆச்சி, இதோ ஆச்சி.”

கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏதோ பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது என்று அம்மா சொல்வார். அது லூர்துமேரியின் உள்ளங்கை என்று அவருக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

வெளியே கூடத்தில் இருந்தவர்கள் புகையைப் பார்த்து எழுந்து ஓடினார்கள். அத்தை மட்டும் ஓடவில்லை. அம்மாவின் அலறலைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்தவர், டாக்டர் வெளியே வந்து உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அம்மா தேறி ஊருக்குத் திரும்பிய அன்று லூர்துமேரி ஆஸ்பத்திரியில் இல்லை. அவர் தன் வீட்டில், கையைத் துணியால் சுற்றிக் கட்டி, காய்ச்சலில் கிடந்தார்.

சவுரிராயன் அதிகம் பேசாத மனிதர். புருவமில்லாத பெண்டாட்டிக்கு அவரே கஞ்சி ஊட்டினார். மீன் பெட்டியில் வந்த ஐஸில் மிச்சமிருந்ததைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார். வீடு வந்து சேரும்போது ஈரத் துண்டுதான் இருக்கும். அதையே கைமேல் போடுவார். ஒரு நாள் சொன்னார்: “இனிமே அந்தப் பக்கம் போவாத மேரி. பேஜாரு புடிச்ச வேலை. நடவு கெடக்குது, மல்லாட்டை கெடக்குது. கையை வெச்சிக்கினு பொழச்சிக்கலாம்.”

லூர்துமேரி சரி என்றுதான் சொன்னார். ஆனால் புண் ஆறியதும் அவர் முதலில் போன இடம் ஆஸ்பத்திரி. டாக்டர் முதுகில் கட்டோடு, நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் அறை பூட்டிக் கிடந்தது. லூர்துமேரி தரையில் உட்காரப் போனார். டாக்டர் பெஞ்சைக் காட்டினார். வேலையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. லூர்துமேரி ஒன்றைத்தான் கேட்டார்.

“நெருப்பு வர்றதுக்கு மின்ன எனக்குக் கால் சில்லுனு இருந்திச்சிங்க அய்யா. அது இன்னாது?”

டாக்டர் அவரை வெறித்துப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது. அவர் செருப்பு போட்டிருந்தார், அப்பாதுரையும் போட்டிருந்தார். அறையில் வெறும் காலோடு நின்றது லூர்துமேரி ஒருவர்தான்.

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். எந்தத் திரவமும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது. துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு மேலே கிளம்பினால்தான் ஆவி. தண்ணீரில் பிடி கெட்டி. நிறையச் சூடு கொடுத்தால்தான் விடும். அதனால்தான் ஈரத் தட்டிக்குக் கீழே மாட்டிய நெருப்பு, தண்ணீரைக் கிளப்புவதிலேயே தன் சூட்டையெல்லாம் தொலைத்து அடங்கிப்போனது. எண்ணெயின் துகள்கள் நீளமானவை, ஒன்றோடொன்று பல இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பவை; சும்மா கிளம்பாது. ஈதரில் பிடி ரொம்ப லேசு. உடம்புச் சூடே போதும், கத்திரி வெயிலில் அதுகூட வேண்டாம். கிளம்புகிற ஒவ்வொரு துகளும் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் மிச்சம் இருப்பது சில்லிடுகிறது. துணி அப்படிக் குளிர்ந்துபோய், மூச்சுக்காற்றின் ஈரமும் அதில் பட்டு உறைகிறது. நீ பார்த்த பனி அதுதான்.

“காலுங்க?” என்றார் லூர்துமேரி.

“ஈதர் ஆவி காத்தைவிடக் கனம். மேல போவாது. மேசையிலேர்ந்து வழிஞ்சி தரையில எறங்கிடுச்சி. கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். நீ அதுக்குள்ளதான் நின்னுக்கினு இருந்த. கதவைத் தொறந்ததும் அப்படியே அடுப்பாண்ட போய்ச் சேர்ந்துது. பத்திக்கினு, வந்த வழியே திரும்பி வந்துது.”

தீயென்று தெரியாமல், கணுக்கால் ஆழத்துக்குத் தீயிலேயே நின்றிருக்கிறோம் என்று நினைத்ததும் லூர்துமேரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தார். டாக்டர் கையமர்த்தினார். நீ சொல்லியிருந்தாலும் தட்டித் தண்ணீர் என்றுதான் நினைத்திருப்பேன் என்றார். கனமான ஆவி என்று படித்தவர்தான் அவர், தீப்பற்றும் என்று தெரிந்தவர்தான். இரண்டையும் சேர்த்து, தரையிலிருக்கிற அடுப்பைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதாக லூர்தம்மா சொன்னார்.

அந்த வாரமே கரி அடுப்பு கிணற்றடிக்குப் போயிற்று. பின்கதவைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அறையைத் திறந்தபோது சொட்டு விட யார் என்ற கேள்வி வந்தது. லூர்துமேரியின் வலக்கை விரல்கள் முழுசாக மடங்காது. இடக்கையால் பழகிக்கொண்டார். முதல் தடவை தக்கையைத் திருகியபோது புட்டி சீறியது; அவருக்கு மூத்திரமே வந்துவிடும்போல இருந்ததாம். திருகிவிட்டார்.

நான் பிறந்தது 1946இல். அம்மா வேறு எங்கேயும் போகமாட்டேன் என்று திண்டிவனத்துக்குத்தான் வந்தார். கூட அத்தை. இந்தத் தடவை வாசலில் குறுக்கே நிற்கவில்லை, பேசவும் இல்லை. பழைய தழும்பு இழுத்துப் பிடித்ததில் பிரசவம் நீண்டுகொண்டே போயிற்று. நான் பிறந்ததும் துடைத்துத் துணியில் சுற்றி, வெளியே கொண்டுவந்து அத்தையிடம் நீட்டியவர் லூர்துமேரி. அத்தை வாங்கக் கையை நீட்டியவர், என்னைத் தாங்கியிருந்த உள்ளங்கையைப் பார்த்தார். தோல் வழவழவென்று, வெளுத்து, ரேகை ஒன்றுகூட இல்லாமல் இருந்தது.

“இது இன்னாம்மா கை?” என்றார்.

“அன்னிக்கி உங்க ஊட்டுப் பொண்ணுக்கு மருந்து போட்டுக்கினு இருந்தப்ப ஆனது,” என்றார் லூர்துமேரி.

அம்மாவைக் காப்பாற்றியது டாக்டர் என்றே அத்தை அதுவரை நினைத்திருந்தார். புருவமில்லாத முகம் ஒன்று தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அம்மா சொன்னதையெல்லாம் மயக்கத்தில் கண்ட கனவு என்று ஒதுக்கியிருந்தார். யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என்னை வாங்கிக்கொள்ள மறந்து அப்படியே நின்றார் என்று லூர்தம்மா சொல்வார். பிறகு வாங்கிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்கு மறு வருஷம் லூர்துமேரி பனமலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எந்தச் செம்பில் தண்ணீர் கொடுப்பது என்று அத்தை அடுப்படியில் நின்று யோசித்ததை அம்மா பார்த்தார். கடைசியில் வீட்டுச் செம்பிலேயே கொடுத்தார். அதற்குமேல் அவரால் போக முடியவில்லை.

1948இல் சவுரிராயனுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை கிடைத்து, இருவரும் அங்கே போனார்கள். அங்கேயும் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் லூர்துமேரி அதே வேலைக்குச் சேர்ந்தார். ஆபரேஷன் அறைக்குள் எல்லோரும் செருப்போடு வரவேண்டும் என்பது அங்கே விதி. அவர் மட்டும் வெறும் காலோடுதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டபோது சொன்னார். அதைக் கேட்ட அந்த டாக்டர் அன்றைக்கே எழுந்துபோய்த் தன் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தாராம்.

நான் வளர்ந்து விழுப்புரத்தில் படிக்கப் போனபோது, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. சவுரிராயன் அப்போது உயிரோடு இல்லை. ஒரு மழை நாளில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டார்.

“அன்னிக்கு எங்க பயம்? அதுக்கு எங்க நேரம்? உங்கம்மா கண்ணு முழிச்சி என்னியப் பாத்துதே, அப்பத்தான் ஆடிப் பூட்டேன். என்னியப் பாத்து அந்த ஜீவன் அப்பிடி பயப்படுதேன்னு.”

சொல்லிவிட்டு, சோறு ஆறுகிறது, ஜல்தியாகச் சாப்பிடு என்றார்.